செவ்வாய்க்குப் பேச்சு அனுப்பிய பெரியம்மா

சூரியனைச் சுற்றி எட்டுக் கோள்களும் எண்ணி மாளாத கற்களும் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கின்றன என்றால், பெரியம்மா போனால் போகிறது என்று அவற்றை ஓட விட்டிருக்கிறாள் என்று அர்த்தம். அவள் மனது வைத்திருந்தால் செவ்வாயை இழுத்து வந்து வாசலில் கட்டிப் போட்டிருப்பாள். ஒளிக்கே 'இரு, அப்புறம் போ' என்று உத்தரவு போட்ட ஒரே மனுஷி அவள்தான். நாளைக்கு மனிதர்கள் மூட்டை முடிச்சோடு பூமியை விட்டுக் குடி கிளம்பும்போது, ராக்கெட் செய்தவர்களுக்கு ஒரு சிலை வைத்தால் பெரியம்மாவுக்கு இரண்டு வைக்க வேண்டியிருக்கும். ஒன்று அவளுக்கு, இன்னொன்று அவள் வாய்க்கு.

மேலே சொன்னதில் அந்த வாய் விஷயம் மட்டும் கலப்படமில்லாத உண்மை.

தெருவில் அவளுக்கு 'ரேடியோ' என்று பெயர். ரேடியோவையாவது திருகி அணைக்கலாம். அந்த வாயால் அவள் மூன்று வேலைகளை இழந்திருந்தாள். பேருந்து நிலையத்தில் விசாரணை ஜன்னலில் உட்கார்ந்திருந்தபோது, "இந்த வண்டியில ஏறாதீங்க, டிரைவர் ராத்திரி தூங்கலை, நானே பார்த்தேன், கொட்டாவியா விடறாரு" என்று ஒரு வண்டிக் கூட்டத்தையே இறக்கி விட்டாள். துணிக்கடையில் சேர்ந்தாள். கல்யாணத்துக்குப் புடவை எடுக்க வந்த ஒரு பெண்ணிடம் "இந்தக் கலர்ல உங்களுக்குக் காய்ச்சல் வந்த மாதிரி இருக்கு" என்றாள். அந்தக் கலரை எடுத்துக் கொடுத்தவர் முதலாளியின் மனைவி. கடைசியாக ஒரு மூட்டு வலி டாக்டரிடம் டோக்கன் கொடுக்கும் வேலை. டாக்டருக்கே பத்து வருஷமாக முழங்கால் வலி என்று காத்திருந்தவர்களுக்கு ஆறுதலாகச் சொல்லி வைத்தாள். ஆறுதல் அடைந்தவர்கள் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

அப்படி வீட்டில் உட்கார்ந்திருந்த காலத்தில்தான் ஊருக்கு வெளியே, மூடிக் கிடந்த ஐஸ்கிரீம் கிடங்கை ஒரு கம்பெனி வாங்கியது. சுவர் ஒரு முழம் தடிமன், ஜன்னலே கிடையாது. அதற்குள் வெள்ளைப் பெயிண்ட் அடித்து, படுக்கைகள் போட்டு, செடி வளர்க்க விளக்குகள் கட்டி, பின்னால் ஒரு கொட்டகையில் சிவப்பு மண்ணைக் கொட்டி, 'செவ்வாய் வீடு' என்று பெயர் வைத்தார்கள். ஆறு பேர் ஒரு வருஷம் உள்ளே இருக்க வேண்டும். தாங்களே செடி வளர்த்து, தாங்கள் குடித்த தண்ணீரையே திரும்பத் திரும்பச் சுத்தம் பண்ணிக் குடித்து, வெளியே வராமல். நிஜமாகவே அங்கே ஆட்களை அனுப்புவதற்கு முன்னால், மனுஷனால் அப்படி இருக்க முடியுமா என்று பார்க்கும் சோதனை.

அங்கே ஒரு வேலை காலி என்று கேள்விப்பட்டு பெரியம்மா போனாள். சோதனையை நடத்துகிற எஞ்ஜினியர் அம்மா, குட்டையாக முடி வெட்டிக்கொண்டு, கசங்கிய சட்டையோடு உட்கார்ந்திருந்தார். படிப்பு என்ன, அனுபவம் என்ன என்று ஒன்றுமே கேட்கவில்லை.

"ஒருத்தரோட கால் மணி நேரம், அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்கணும். தினமும். உங்களால முடியுமா?"

"சும்மான்னா? பேசாமலா மேடம்?"

"பேசலாம். சொல்லப்போனா பேசணும்."

"எப்ப வரணும் மேடம்?" என்றாள் பெரியம்மா.

வீட்டுக்கு வந்து சொன்னபோது பெரியப்பா லாரிக்கு அடியிலிருந்து தலையை மட்டும் வெளியே நீட்டினார். அவர் மெக்கானிக். பாதி நாள் அவரை வண்டிக்கு அடியில்தான் பார்க்க முடியும். பெரியம்மாவிடமிருந்து தப்பிக்கத்தான் அந்தத் தொழிலையே எடுத்தார் என்று ஒரு பேச்சு உண்டு.

"உனக்குப் பேசறதுக்குச் சம்பளம் தர்றாங்களா?"

"ஆமா."

"அப்ப செவ்வாய்க்குக் கிளம்ப வேண்டிய நேரம் வந்துடுச்சு. இந்த உலகம் இனி தாங்காது" என்று சொல்லிவிட்டு மறுபடி உள்ளே போனார்.

வேலை என்னவென்றால் இதுதான். செவ்வாய் வெகு தூரம். இங்கிருந்து பேசினால் குரல் அங்கே போய்ச் சேரச் சில நாள் கொஞ்ச நிமிஷம் ஆகும், சில நாள் அதிகம் ஆகும். சோதனைக்காகக் கால் மணி நேரம் என்று வைத்துக்கொண்டார்கள். உள்ளே இருப்பவர்களின் குடும்பத்தார் வந்து பேசுவதற்குக் கிடங்கின் ஓரத்தில் ஒரு சின்ன அறை. ஒரு பெஞ்சு, இரண்டு நாற்காலி, ஒரு மைக், ஒரு ஒலிபெருக்கி. மைக்கில் பேசினால் அந்தப் பேச்சைக் கம்ப்யூட்டர் பிடித்து வைத்துக் கால் மணி நேரம் கழித்து உள்ளே ஒலிக்கவிடும். உள்ளே இருப்பவர் பதில் பேசினால் அதுவும் கால் மணி நேரம் கழித்துத்தான் இங்கே வரும். இடையில் நாலு சுவர் தூரம்தான். கிடங்குக் கதவைத் தட்டினால் கேட்டுவிடும். ஆனால் தட்டக் கூடாது. இது செவ்வாய்.

சுவரில் இரண்டு கடிகாரங்கள். ஒன்று இந்த நேரம் காட்டும். இன்னொன்று கால் மணி நேரம் பின்னால் ஓடும். ஒலிபெருக்கியில் ஒரு குரல் வரும்போது பெரியம்மா இரண்டாவது கடிகாரத்தைக் காட்டி, "இது இப்ப பேசினது இல்லை, அந்த நேரத்துல பேசினது. அதுக்கப்புறம் நீங்க சொன்னது எதுவும் அவருக்கு இன்னும் தெரியாது" என்று ஒவ்வொரு தடவையும் ஞாபகப்படுத்த வேண்டும். அதோடு, பேசிவிட்டுப் பதிலுக்காகக் காத்திருப்பவர்களுக்குத் துணையாக இருக்க வேண்டும். தன் சொந்தப் பேச்சு எதையும் மைக்கில் அனுப்பக் கூடாது.

சில வாரங்களில் அவள் அந்த அறைக்கே ஒரு பேச்சு முறையைக் கொண்டுவந்துவிட்டாள். "கேள்வி கேக்காதீங்க. கேள்வி கேட்டா அரை மணி நேரம் போச்சு. எல்லாத்தையும் சொல்லிடுங்க. அவர் என்ன கேப்பாருன்னு உங்களுக்குத் தெரியாதா? அதுக்கும் சேர்த்துப் பதில் சொல்லிடுங்க." வந்தவர்களும் பழகிக்கொண்டார்கள். உள்ளே இருந்த எலக்ட்ரீஷியனின் மகள் விடுகதையைப் போட்டு அதன் விடையையும் சொல்லி, "அப்பா, தப்பாச் சொல்லிட்டீங்க" என்பதையும் சேர்த்தே அனுப்பிவிடுவாள்.

பெரியம்மா இதை வீட்டுக்கும் கொண்டு வந்தாள். போனை எடுத்தால், "நான் நல்லா இருக்கேன், அவரும் நல்லா இருக்காரு, வண்டிக்கு அடியில இருக்காரு, நீ சாப்பிட்டிருப்பே, மழை வந்தா மாடியில துணி இருக்கு எடு, வச்சிடறேன்" என்று முடித்துவிடுவாள். அந்தப் பக்கம் இருந்தவர்கள் வாயைத் திறந்ததோடு சரி.

டீ நேரத்தில் எஞ்ஜினியர் அம்மா இந்த அறைக்கு வந்து பெஞ்சில் காலை நீட்டிக்கொள்வார். ஒரு நாள் பெரியம்மா கேட்டே விட்டாள்.

"மேடம், ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. இவ்வளவு தூரம் போய் அங்க என்ன கிடைக்கப் போகுது? தங்கமா?"

"தங்கமே கிடைச்சாலும், அதை இங்க கொண்டுவர்ற செலவுல அதைவிட அதிகமா இங்கேயே வாங்கிடலாம்."

"பின்னே?"

"முதல்ல தண்ணி. நிலாவுல வெயிலே படாத பள்ளங்கள் இருக்கு, அதுல பனிக்கட்டி இருக்கு. செவ்வாய்ல மண்ணுக்கடியில இருக்கு. உருக்கினா குடிக்கலாம். பிரிச்சா மூச்சு விடலாம், ராக்கெட்டுக்கும் ஊத்தலாம். இங்கேயிருந்து ஒரு குடம் தண்ணியை அங்க தூக்கிட்டுப் போற காசுல நீங்க ஒரு வீடே கட்டிடலாம்."

"அப்ப வானத்துல பெட்ரோல் பங்க் வைக்கப் போறீங்கன்னு சொல்லுங்க."

"கிட்டத்தட்ட அதேதான். அதுக்கப்புறம் அலைஞ்சுக்கிட்டிருக்கிற கல்லுங்க. சிலதுல இரும்பு இருக்கு, நிக்கல் இருக்கு. அதையும் இங்க இறக்கப் போறதில்லை. அங்கேயே வீடு கட்ட, கருவி செய்ய. அங்க எடுக்கிறதை அங்க இருக்கிறவங்களுக்கே விக்கறது."

"அங்க யாரு இருக்கா?"

எஞ்ஜினியர் அம்மா டீயை ஒரு வாய் குடித்தார். "அதுதான் சிக்கலே. வாங்கறவன் போனாத்தான் விக்கிறவன் போவான், விக்கிறவன் போனாத்தான் வாங்கறவன் போவான். எப்ப நடக்கும்னு தெரியலை. அங்க ஒரு குழந்தை பிறந்தா எலும்பு எப்படி வளரும்னுகூடத் தெரியலை. தெரியாததுதான் நிறைய. அதனாலதான் ஒண்ணொண்ணாப் பார்க்கிறோம்."

இவ்வளவு படித்தவர் தெரியலை தெரியலை என்று சொன்னது பெரியம்மாவுக்கு ரொம்பப் பிடித்துப் போயிற்று. அன்றையிலிருந்து மேடம் மேல் ஒரு தனி மரியாதை. தன்னை வேலைக்கு எடுத்ததற்கு நன்றி வேறு. "என் வாயைப் பார்த்து வெளியே போகச் சொல்லாம உள்ளே வரச் சொன்ன ஒரே மகராசி" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

முதலில் வேண்டியது தண்ணீர் என்பதால் உள்ளே போன ஆறு பேரில் ஒருவர் குழாய்க்காரர். ராக்கெட் விஞ்ஞானி எல்லாம் இல்லை. ஊரில் வீடு வீடாகப் போய்க் குழாய் போட்டுக்கொண்டிருந்தவர். குளித்த தண்ணீர், செடி விட்ட ஈரம், இன்ன பிற சமாசாரங்கள் எல்லாவற்றையும் பிடித்து மறுபடி குடிதண்ணீர் ஆக்குகிற எந்திரம் அவர் பொறுப்பு. அவர் மனைவி கார் சீட்டுக்கு உறை தைக்கிற கடையில் வேலை செய்தாள். வாரம் ஒரு நாள் வேலை முடிந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். அப்பா உள்ளே போகும்போது அந்தப் பயல் தவழக்கூட ஆரம்பிக்கவில்லை.

இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். யாரையும் உள்ளே பூட்டி வைக்கவில்லை. உள்பக்கம் ஒரு பச்சைக் கைப்பிடி இருந்தது. அதை இழுத்தால் அபாய மணி அலறும், கதவு திறக்கும், வீட்டுக்குப் போகலாம். ஆனால் ஒருவர் இழுத்தாலும் ஆறு பேருக்கும் சோதனை முடிந்தது. நிஜச் செவ்வாயில் கதவைத் திறந்து வீட்டுக்கு நடக்க முடியாதே. இந்தப் பக்கம், பெரியம்மாவின் மேஜையில், பிளாஸ்டிக் மூடிக்கு அடியில் ஒரு சிவப்புப் பொத்தான். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் அழுத்துவது. அழுத்தினால் வழியில் இருக்கிற பேச்செல்லாம் அழிந்து போகும், தாமதமில்லாமல் நேராகப் பேசலாம். அதோடு சோதனையும் காலி.

முக்கால் வருஷம் ஒரு தொந்தரவும் இல்லை. அப்புறம் வந்தது அந்த மழை நாள்.

குழாய்க்காரர் மனைவி நனைந்துகொண்டே வந்தாள். வந்ததும் மைக்கில் கொட்டித் தீர்த்தாள். சமையலறைக் குழாய் ஒழுகுது, ஊருக்கெல்லாம் குழாய் போட்டவர் வீட்டுல வாளி வச்சுப் பிடிக்கிறேன், இந்தப் பய வேற எதைக் கொடுத்தாலும் துப்பறான், ராத்திரியெல்லாம் அழுகை. பேசி முடித்துவிட்டுக் காத்திருந்தாள். பெரியம்மாவும் கூட உட்கார்ந்து, வாளிகளைப் பற்றித் தனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் சொன்னாள். அப்புறம், பதில் வருவதற்குள் வந்துவிடலாம் என்று, "ஒரே ஒரு நிமிஷம்" என்று எழுந்து வாசலுக்குப் போனாள். அங்கே வாட்ச்மேன் இருந்தார். வாட்ச்மேனின் மருமகன் வேலையை விட்டுவிட்டான். இதை யாரால் ஒரு நிமிஷத்தில் பேசி முடிக்க முடியும்.

பெரியம்மா வாசலில் மருமகனைப் பிரித்து மேய்ந்துகொண்டிருந்தபோது உள்ளே அந்தப் பயல் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். கையை விட்டான். நாற்காலி வரைக்கும் நடந்தான்.

குழாய்க்காரர் மனைவி மைக்கைப் பிடித்துக் கிட்டத்தட்ட கத்தினாள். "ஏங்க, நடந்துட்டான். இப்பத்தான், என் கண்ணு முன்னாடி, யாரையும் பிடிக்காம நடந்துட்டாங்க."

சொல்லிவிட்டு, சிரித்தபடி, ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். சந்தோஷத்தில் எந்தக் கடிகாரம் ஞாபகம் இருக்கும். சற்று நேரத்தில் அவர் குரல் வந்தது.

"அவன் கதை இருக்கட்டும், விடு. அதெல்லாம் எல்லாக் குழந்தையும் பண்றதுதான். முதல்ல நீ அந்த வாஷரை மாத்தினியா இல்லையா, அதைச் சொல்லு."

பெரியம்மா அறையில் இருந்திருந்தால் இரண்டாவது கடிகாரத்தைக் காட்டியிருப்பாள். அறையில் வேறு யாரும் இல்லை.

அந்தப் பெண் மைக்கை அழுத்தினாள். "உங்களுக்கு இவனைவிட வாஷர் பெருசாப் போச்சு. இப்பவே கதவைத் திறந்துக்கிட்டு வெளியே வாங்க. வரலைன்னா இனிமே எங்ககிட்ட வரவே வேணாம். அங்கேயே செவ்வாய்லயே குடும்பம் பண்ணிக்கோங்க."

பெரியம்மா திரும்பி வந்தபோது அந்தப் பெண் பெஞ்சில் உட்கார்ந்து ஒலிபெருக்கியை முறைத்துக்கொண்டிருந்தாள். குழந்தை தன் சாதனையைப் பாராட்ட ஆளில்லாமல் தரையில் உட்கார்ந்து கட்டை விரலைச் சூப்பிக்கொண்டிருந்தான்.

"அக்கா, இவன் நடந்தான். ஆசையாச் சொன்னேன். அதுக்கு அந்த மனுஷன் என்ன சொன்னாரு தெரியுமா?"

எல்லாவற்றையும் சொன்னாள். தான் சொன்ன பதிலையும் சொன்னாள். பெரியம்மா கேட்டுக்கொண்டே சுவரைப் பார்த்தாள்.

"ஏம்மா, இவன் எப்ப நடந்தான்?"

"இப்பத்தான், நீங்க வெளியே போனப்புறம்."

"அப்ப அது இன்னும் அவர் காதுக்கே போகலையே."

பெரியம்மா மெதுவாகச் சொன்னாள். "நீ வந்ததும் சொன்னே பாரு, எதைக் கொடுத்தாலும் துப்பறான், அழறான்னு. அவர் அதுக்குப் பதில் சொல்லியிருக்காரு. இவன் நடந்ததே அவருக்குத் தெரியாது."

அந்தப் பெண் எழுந்து வந்து மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, அதை நிறுத்திடுங்க. நான் சொன்னது இன்னும் போய்ச் சேரலை இல்லையா? இந்தப் பொட்டிக்குள்ளதானே இருக்கு? நிறுத்துங்க அக்கா. அவரு கேட்டா கதவைத் திறந்துடுவாரு. நான் சொன்னா கேட்டுடுவாரு, அப்படிப்பட்ட ஆளு. ஆறு பேரோட வருஷமும் என்னால போயிடும்."

பெரியம்மாவின் கை தானாகவே போய்ப் பிளாஸ்டிக் மூடியைத் தூக்கிவிட்டது. விரல் பொத்தானின் மேல் இருந்தது. அழுத்தினால் இந்தப் பெண்ணின் வார்த்தை அழிந்துவிடும். அவர் கேட்கவே மாட்டார். ஆனால் அங்கே போகப் போகிறவர்களுக்கு இப்படி ஒரு பொத்தான் இருக்காது. சொன்னது சொன்னதுதான், அது வானத்தில் போய்க்கொண்டே இருக்கும். இதை அழுத்திவிட்டால் உள்ளே இருக்கிற ஆறு பேரும் முக்கால் வருஷமாகச் சும்மா ஒரு ஐஸ்கிரீம் கிடங்கில் உட்கார்ந்திருந்தார்கள் என்றுதான் ஆகும். அதுவும் யாரால்? வாட்ச்மேனின் மருமகனைப் பற்றிப் பேசப் போனவளால்.

மூடியை மூடினாள்.

"பொண்ணே, நிறுத்த முடியாது. முந்திக்கிட்டுப் போகவும் எதாலயும் முடியாது. பின்னாலேயே ஒண்ணை அனுப்பலாம், அவ்வளவுதான். எவ்வளவு சீக்கிரம் பேசறோமோ அவ்வளவு சீக்கிரம் அது பின்னாடியே போய்ச் சேரும். பேசு."

அவள் மைக்கைப் பிடித்தாள். அழுகைதான் வந்தது.

"அழறதை அப்புறம் அழலாம்மா. இப்ப பேசு. நீ அழற ஒவ்வொரு நிமிஷமும் அவர் அங்க அந்தக் கதவுகிட்ட தனியா நிக்கப் போற நிமிஷம்."

அப்படிச் சொன்னதும் அழுகை இன்னும் கூடிவிட்டது. பெரியம்மா மைக்கைப் பிடுங்கினாள். சொந்தப் பேச்சு பேசக் கூடாது என்பது அவளுக்குத் தெரியும். பேசினால் இந்த வேலையும் போகும் என்பதும் தெரியும். இதற்கு முன்னால் மூன்று வேலையை இழந்தபோது அவளுக்கு அது கடைசி வரை தெரியாது. தெரிந்தே வாயைத் திறந்தது இதுதான் முதல் தடவை.

"தம்பி, கைப்பிடியில கை வச்சிருந்தா முதல்ல கையை எடுங்க. நான் வெளியே இருக்கிற அக்கா பேசறேன். உங்க வாஷர் பேச்சு, இவன் நடந்தான்னு அவ சொன்னதுக்கு அப்புறம் வந்துது. அதுக்குப் பதில்னு நினைச்சுட்டா. நான் பக்கத்துல இருந்து சொல்லியிருக்கணும், வாட்ச்மேன்கிட்ட வாயடிக்கப் போயிட்டேன். தப்பு என்னோடது. அவ திட்டினது உங்களை இல்லை தம்பி, கடிகாரத்தை. இந்தா, அவளே பேசறா."

அதற்குள் அவளுக்குக் குரல் வந்திருந்தது. "ஏங்க, வராதீங்க. நான் சொன்னதைக் கேக்காதீங்க. முடிச்சுட்டு வாங்க. நாங்க இங்கேயேதான் இருப்போம்."

அப்புறம் செய்வதற்கு ஒன்றுமில்லை. முதலில் போன சந்தோஷமும், அதன் பின்னால் போன கோபமும், அதன் பின்னால் போன மன்னிப்பும் ஒன்றை ஒன்று தொட முடியாமல் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. கோபம் போய்ச் சேரும் நேரம் இருவருக்கும் தெரியும். அதற்கும் மன்னிப்பு போய்ச் சேருவதற்கும் நடுவில் உள்ள இடைவெளியும் தெரியும். கைப்பிடியை இழுத்தால் அபாய மணிக்குத் தாமதம் கிடையாது. அப்போதே அலறும்.

அந்த நேரம் வந்தபோது அவள் பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. குழந்தை இதுதான் சமயம் என்று பெஞ்சுக்கும் நாற்காலிக்கும் நடுவே விழுந்து எழுந்து நடந்து பழகிக்கொண்டிருந்தான். கடிகார முள் அந்த இடத்தைத் தாண்டியது. மணி அடிக்கவில்லை. இன்னும் கொஞ்சம் நகர்ந்தது. அடிக்கவில்லை.

அதற்கப்புறமும் காத்திருக்க வேண்டியிருந்தது. ஒலிபெருக்கியில் முதலில் வந்தது, "நடந்துட்டானா? நிஜமாவா? டேய், டேய்" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஒரு குரல். பெரியம்மா கடிகாரத்தைக் காட்டினாள். "இது உன் கோபத்தைக் கேக்கறதுக்கு முன்னாடி பேசினது." அவள் தலையாட்டினாள். அப்புறம் மௌனம். அப்புறம் மறுபடி அதே குரல், கொஞ்சம் கம்மி.

"அக்கா, கையை எடுத்துட்டேன். அவகிட்ட சொல்லுங்க, வாளியை வச்சே சமாளிக்கச் சொல்லுங்க. வாஷரை நானே வந்து மாத்தறேன்."

அந்தப் பெண் சிரித்தாள், அழுதாள், குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "அக்கா, நீங்க இல்லைன்னா" என்று ஆரம்பித்தாள். "நான் இருந்திருந்தா இதெல்லாம் நடந்தே இருக்காது, போம்மா, குழந்தை நனையாம போ" என்று பெரியம்மா தன் குடையைக் கொடுத்து அனுப்பினாள்.

அவர்கள் போன பிறகு பெரியம்மா தனியாக உட்கார்ந்தாள். சிவப்புப் பொத்தானின் மூடி மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மைக் அணைந்திருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு, இன்னாருக்கு என்று இல்லாமல், "ரொம்ப நன்றி" என்றாள்.

மறுநாள் காலையில் தானே போய் எஞ்ஜினியர் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அறைச் சாவியையும் மேஜையில் வைத்துவிட்டாள். அவர் பதிவைப் போட்டு முழுவதும் கேட்டார்.

"பொத்தானை ஏன் அழுத்தலை?"

"அழுத்தினா அவங்க செவ்வாய்ல இருந்ததா ஆகாது மேடம்."

எஞ்ஜினியர் அம்மா பதிவை நிறுத்தினார். "இடத்தை விட்டுப் போனது தப்பு. அதை எழுதத்தான் வேணும். ஆனா மாத்தி விட ஆள் இல்லாம உங்களை மட்டும் அங்க உட்கார வச்சது என் தப்பு. அதையும் எழுதறேன். நாளையிலேர்ந்து இன்னொருத்தரும் வருவாங்க." சாவியைத் திருப்பித் தள்ளினார். "காத்து, தண்ணி, கீரை எல்லாத்தையும் சோதிச்சோம். ஒரு பதில் இடம் மாறிக் கேட்டா அது கதவு வரைக்கும் போகும்னு யோசிக்கவே இல்லை. இனிமே தேவைப்பட்டா நீங்களும் மைக்ல பேசலாம்."

"சரிங்க மேடம்."

"வாட்ச்மேன்கிட்ட வேணாம்."

"சரிங்க மேடம்."

அந்தக் குடும்பத்தின் சண்டை அறையை விட்டு வெளியே போகக் கூடாது என்று இருவரும் முடிவு பண்ணினார்கள். ரேடியோ ஒரு விஷயத்தை வெளியே சொல்லாமல் வைத்திருந்தது சரித்திரத்திலேயே அதுதான் முதல் தடவை.

வருஷம் முடிந்து கதவு திறந்தபோது ஊரே கிடங்கு வாசலில் நின்றது. ஆறு பேரும் வெளுத்துப் போய், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வந்தார்கள். குழாய்க்காரர் மகனைத் தூக்கப் போனார். அவன் யாரோ என்று அம்மாவின் பின்னால் ஓடி ஒளிந்துகொண்டான். ஓடியதைப் பார்த்தே அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. நேராகப் பெரியம்மாவிடம் வந்தார்.

"அக்கா, உள்ளே கேமரா கிடையாது. என் கை கைப்பிடி மேலதான் இருந்துது. இழுக்கிறதுக்கு ஒரு நொடி. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது தம்பி. கொஞ்சம் முன்னாடி என் கையே பொத்தான் மேல இருந்துது. உங்க கையும் சும்மா இருக்காதுன்னு தோணிச்சு."

அவர் அவள் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அடுத்த வாரம் அவரும் மனைவியும் பயலும் வீட்டுக்கு வந்தார்கள். பெரியம்மா வீட்டில் இருந்த எல்லாக் குழாயையும், ஒழுகாததையும் சேர்த்து, கழற்றி மாட்டிவிட்டுப் போனார். இப்போது எந்தக் குழாயைத் திறந்தாலும் தண்ணீர் சீறிக்கொண்டு வருகிறது. பெரியப்பா முகம் கழுவப் போய்க் குளித்துவிட்டு வருகிறார்.

இதை எழுதியது பெரியம்மாவின் தங்கை மகன். எழுதி முடித்ததும் அவளிடமே கொண்டுபோய்க் கொடுத்தான். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு தாளாகப் படித்தாள். நடு நடுவே சிரித்தாள்.

"அவங்க ரெண்டு பேர்கிட்டயும் கேட்டுட்டியா, இதை எழுதலாமான்னு?"

"கேட்டுட்டேன் பெரியம்மா. எழுதச் சொன்னாங்க. அவங்கதான் எல்லாம் சொன்னாங்க."

"மேடம்?"

"அவங்களும் சொன்னாங்க."

"சரி." ஒரு தாளை மட்டும் தனியாக எடுத்தாள். "அந்தப் பொண்ணு போனப்புறம் நான் தனியா உட்கார்ந்து அழுதேன்னு இதுல எழுதியிருக்கே. நன்றி சொன்னேன்னு எழுதியிருக்கே. அதை நான் உங்க பெரியப்பாகிட்டகூடச் சொல்லலை. உனக்கு யாருடா சொன்னா?"

அவன் தாள்களை வாங்கி அடுக்க ஆரம்பித்தான்.

"அன்னைக்கு வீட்டுக்குப் போகும்போது பார்த்தேன், உன் சைக்கிள் திறந்திருந்த அறைக் கதவோரமா நின்னுது. என்னைக் கூட்டிட்டுப் போக வந்திருக்கே. உள்ளே வராம ஏன் வெளியேவே நின்னே?"

"நான் அப்பத்தான் வந்தேன்."

"வீட்டுல உன் கண்ணு ரெண்டும் சிவந்து கிடந்துதே?"

"தூசி விழுந்துடுச்சு பெரியம்மா."

"அந்த மழையிலயா?" என்றாள் பெரியம்மா.